மாப்பிள்ளை சொன்னாத்தான் உள்ள போகலாம்

சார், சார்... உள்ள போகாதீங்க. உங்களத்தான் சொல்றேன், பூவோட வர்றவரே. கொஞ்சம் இப்படி வாசல் கேட்டு ஓரமா நில்லுங்க. வீடு இதேதான். நினைவுக் கூட்டமும் இங்கதான். ஆனா உள்ள விருந்தாளிங்க மட்டும்தான் உக்காந்திருக்காங்க. வீட்டுக்காரங்க எல்லாம் அதோ, அந்தத் தண்ணித்தொட்டி ஓரமா வரிசையா நிக்கறாங்க பாருங்க, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. கால்ல செருப்புகூட இல்ல. என்ன கண்றாவி சொல்லுங்க. அஞ்சலி செலுத்த வந்தவங்க ஃபேனுக்கு அடியில காபி குடிக்கறாங்க, கட்டின பொண்டாட்டி வெயில்ல நிக்கறா.

நடுவுல நிக்கறாளே, அவதான் போய்ச் சேர்ந்த என் மாப்பிள்ளையோட சம்சாரம். என் தங்கச்சி. நான் அவளுக்கு அண்ணன். இந்த வீட்டு மாடி ரூம்ல வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டிருக்கேன். கல்யாணம் காட்சி இல்லாத கட்டை, எங்க போறது... சரி, அத விடுங்க.

தீயா? எங்க? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க. புகை அலாரம் அடிச்சுது, அவ்வளவுதான். அடிச்சு ஓய்ஞ்சும் போச்சு. உங்க வீட்லயும் எங்க வீட்லயும் அடிச்சா என்ன செய்வோம்? யாராவது எழுந்து போய் அதோட வாயை அடைப்போம். இந்த வீட்ல அடிச்சா எல்லாரும் போட்டது போட்டபடி வெளிய வந்து தண்ணித்தொட்டிகிட்ட நிக்கணும். அது என் மாப்பிள்ளை போட்ட சட்டம். அவரு போயிட்டாரு, சட்டம் போகல. அதான் கொடுமை.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, அவரு வேலை. தீயணைப்புத் துறையில கட்டடம் சோதிக்கற அதிகாரி. வண்டியில தொங்கிக்கிட்டு மணி அடிச்சுக்கிட்டுப் போற வேலை இல்ல. தீ வர்றதுக்கு முந்தியே போய், இங்க வரும், அங்க வரும்னு சொல்ற வேலை. யாருக்குப் பிடிக்கும்? சினிமா தியேட்டர்ல படம் பாக்கப் போனா எல்லாரும் திரையைப் பாப்பாங்க, இவரு பின்னாடி திரும்பி வாசல் எங்க இருக்குன்னு பாப்பாரு. படம் எப்படி மாப்பிள்ளைன்னு கேட்டா, 'இடது பக்கக் கதவு உள்பக்கமாத் திறக்குது மச்சான், தப்பு'ம்பாரு. அதான் விமர்சனம்.

நானு? நான் அடுப்புக் கடை வச்சிருந்தவன் சார். சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிச்சாச்சு. என் பொழப்பு பத்த வைக்கறது, அவரு பொழப்பு அணைக்கறது. எலியும் பூனையும் ஒரே வீட்ல. என் தங்கச்சியைக் கேட்டா, யாரு எலி யாரு பூனைன்னு அவளுக்கே தெரியாதும்பா.

எங்க விட்டேன்... ஆங், அலாரம். உள்ள அவரு பெரிய அதிகாரி பேசிக்கிட்டு இருந்தாரு. இன்னும் இருக்காரு, மைக்கை விடல. கேக்குதா? 'அன்னாரது பணிக்காலத்தில்...' அன்னாராம். கூட வேலை பாத்தப்ப ஒரு தடவையாவது அன்னாருன்னு கூப்பிட்டிருப்பாரா? அந்த ஃபைலைக் கொண்டாய்யான்னுதான் கூப்பிட்டிருப்பாரு. அதுவும் அரை மணி நேரமாப் பேசறாரு, ஒண்ணுமே சொல்லல. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? என்ன சொல்லுவாரு? டாக்டர் செத்தா பொழச்சவன் வந்து அழுவான். வக்கீல் செத்தா ஜெயிச்சவன் வருவான். வாத்தியார் செத்தா பாஸானவன் வருவான், ஃபெயிலானவனும் வருவான். என் மாப்பிள்ளை வாழ்நாள் பூரா சம்பாதிச்சது எரியாத கட்டடம். எரியாத கட்டடம் எழுந்து வந்து மைக்குல பேசுமா? நடக்காத ஒண்ணுக்கு யாரு சார் நன்றி சொல்லுவா?

அப்படி அவரு பேசிக்கிட்டு இருக்கும்போதுதான் அடிச்சுது. விருந்தாளிங்க ஒருத்தரும் அசையல. செல்ஃபோன் அடிக்குதுன்னு நெனச்சு நாலு பேரு அவங்கவங்க பாக்கெட்டத் தடவிப் பாத்தாங்க. அதிகாரி, இது ஏதோ மரியாதை பண்றாங்க போலன்னு பேச்சை நிறுத்திட்டு விறைப்பா நின்னாரு. எங்க வீட்டு ஆளுங்க மட்டும் முன்வரிசையிலேர்ந்து அப்படியே எழுந்து, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, ஓடாம, தள்ளாம, அவரு சொல்லிக் குடுத்த மாதிரியே வெளிய நடந்துட்டாங்க. பாத்தவங்க என்ன நெனச்சிருப்பாங்க? பேச்சு பிடிக்காம வெளிநடப்பு பண்றாங்கன்னு நெனச்சிருப்பாங்க. அப்படி நெனச்சாலும் தப்பில்ல.

சட்டம் மூணு சார். கையில எதையும் எடுக்கக் கூடாது. நேரா தண்ணித்தொட்டிக்கு வரணும். அவரு தலையை எண்ணி முடிச்சு, 'சரி, எல்லாரும் இருக்கோம், உள்ள போங்க'ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் திரும்ப வாசல்படி மிதிக்கக் கூடாது. ராஜா வீட்டு உத்தரவு மாதிரி. மாசா மாசம் ஒரு ஒத்திகை. எப்ப அடிக்கும்னு முன்கூட்டி சொல்ல மாட்டாரு. சாப்பாட்டுத் தட்டுல கை வச்சிருப்போம், அடிக்கும். அவரு பையன் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருப்பான், அடிக்கும். அந்தப் பச்சைப் புடவை கட்டியிருக்கே, அதுதான் மருமக. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில, பாதித் தலை பின்னிக்கிட்டு இருக்கு, அடிச்சுட்டாரு. அது பயந்துபோய் ஒரு பக்கம் ஜடை, ஒரு பக்கம் பரட்டையா ஓடி வந்து நின்னுது. நான் சொன்னேன், 'மாப்பிள்ளை, பொண்ணு அம்மா வீட்டுக்கே போயிடும் பாருங்க'ன்னு. அவரு காதுலயே வாங்கல. எண்ணினாரு. அந்தப் பொண்ணுகிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் நின்னாரு. 'இன்னையிலேர்ந்து கணக்குல ஒருத்தர் கூட. எல்லாரும் இருக்கோம், உள்ள போங்க'ன்னாரு. அந்தப் பொண்ணு பின்னாடி சொல்லுது, தாலி கட்டினப்பகூட அது அந்த வீட்டுப் பொண்ணுன்னு தோணலையாம், அந்தத் தொட்டிகிட்டதான் தோணிச்சாம். கேட்டீங்களா கதைய? பைத்தியம் ஒட்டிக்கற வியாதின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நீங்க அவருக்கு எந்த வகையில பழக்கம்? உறவுக்காரங்க முகம் எல்லாம் எனக்குத் தெரியும்...

என்னது? மண்டபமா? கல்யாண மண்டபத்துக்காரரா நீங்க? அந்த... பின்வாசல் மண்டபமா?

அட கடவுளே. உங்க கையைக் குடுங்க. நீங்க பூவோட வந்திருக்கீங்களா? நானா இருந்தா கல்லோட வந்திருப்பேன். உங்களுக்குத் தெரியாததை ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவரு பொண்ணு கல்யாணத்துக்கு உங்க மண்டபம்தான் பேசி வச்சிருந்தோம். நான்தான் பேசினேன். பத்திரிகை அடிச்சு, பாதி ஊருக்குக் குடுத்தும் ஆச்சு. இவரு சும்மா இருக்கக் கூடாதா? 'எவ்வளவு நாற்காலி போடலாம்னு பாத்துட்டு வரேன்'னு போனாரு. நாற்காலி பாத்தாரு. உங்க பின்வாசலை மறைச்சு கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருந்தீங்களே, அந்த நாற்காலியப் பாத்தாரு. கதவுக்குப் பூட்டு வேற, சாவி யாருகிட்டன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினாங்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டி மாட்டிக்கிட்டே சொல்றாரு, 'மண்டபத்துக்கு சீல் வச்சாச்சு.' யாரு வச்சான்னு என் தங்கச்சி பதறிப் போய்க் கேக்கறா. 'நான்தான் வச்சேன்'ங்கறாரு. ஏதோ கொடியில துணி காயப் போட்டேன்ங்கற மாதிரி.

அன்னைக்கு நான் அவரைக் கேட்ட கேள்வி இருக்கே... ஊரான் வீட்டுக் கல்யாணம்னா சட்டம் பேசலாம், சொந்தப் பொண்ணு கல்யாணத்துலயுமா, உங்களுக்கு மூளை இருக்கா இல்லையான்னு கேட்டேன். அவரு ஒரே ஒரு பதில் சொன்னாரு. 'மச்சான், ஊரான் பொண்ணுன்னாலே சீல் வைப்பேன். இது என் பொண்ணு.' பத்திரிகையில மண்டபத்துப் பேரை அடிச்சுட்டு பேனாவால பள்ளிக்கூட மைதானம்னு எழுதி எழுதி என் விரல் வீங்கிப் போச்சு. பந்தலுக்கு நாலு பக்கமும் வாசல். வாசலுக்கு வாசல் தீ அணைக்க மண்ணு நிரப்பின வாளி. சம்பந்தி வீட்டுக்காரங்க அந்த வாளியை எல்லாம் பாத்துட்டு, இது என்ன சீரான்னு கேட்டாங்க. கல்யாணப் பரிசு என்ன குடுத்தாரு தெரியுமா? சிவப்பா ஒரு தீயணைப்பான். அதைத் தூக்கிக்கிட்டுத்தான் கல்யாண மாப்பிள்ளையும் பொண்ணும் ஊர்வலமா வீட்டுக்குப் போனாங்க.

அந்தப் பையனையே பாருங்களேன். அதோ, ஓரத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு, நெஞ்சோட படத்தை அணைச்சுக்கிட்டு நிக்கறானே, அதான் அவரு மருமகன். பேங்க்ல வேலை. நல்ல பையன், ஆனா கொஞ்சம் பயந்த சுபாவம். மணி அடிச்சதும் மேஜை மேல இருந்த மாமனார் படத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். என் தங்கச்சி பிடிச்சுக்கிட்டா. 'கையில எதையும் எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காரு? அவரையே எடுத்துட்டு வந்தா எப்படி?' அவன் திரும்பப் போய் வைக்கவும் முடியாது, உள்ள போகக் கூடாதே. கீழ வைக்கவும் மனசு வரல. ரயிலை விட்டவன் பெட்டியோட நிக்கற மாதிரி அப்பலேர்ந்து நிக்கறான்.

அதோட விட்டுதா? பேத்தி ஒண்ணு இருக்கு, சின்னது, வாய் நீளம். அது பாட்டியப் பாத்து, 'தாத்தா படத்தையும் எண்ணணுமா பாட்டி?'ன்னு கேட்டுடுச்சு. அவ்வளவுதான். அது வரைக்கும் கண்ல ஒரு சொட்டு வராம நடமாடிக்கிட்டு இருந்தவ, என் தங்கச்சி, தொட்டிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. அப்பலேர்ந்து அசையல.

இப்ப புரியுதா சார் சிக்கல்? தீ இல்ல. அலாரம் ஓய்ஞ்சாச்சு. உள்ள போக வேண்டியதுதானே? போக முடியாது. போகணும்னா அந்த வார்த்தையை யாராவது சொல்லணும். 'எல்லாரும் இருக்கோம்'னு சொல்லணும். யாரு சொல்லுவா? எல்லாரும் இருந்தாத்தானே சொல்ல. அவரு பையன் ரெண்டு தடவை வாயைத் திறந்தான், காத்துதான் வந்துது. அப்புறம் எல்லாருமாத் திரும்பி என்னைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்பவும் பாக்கறாங்க பாருங்க. வீட்டுக்கு மூத்தவன் நான்தானாம், நான் சொல்லணுமாம். ஏன், நான் என்ன கட்டடம் சோதிச்சவனா? எனக்கு மட்டும் என்ன தொண்டை இரும்புலயா பண்ணியிருக்கு? அதான் நான் இந்தக் கேட்டுகிட்ட வந்து நின்னுக்கிட்டேன், வர்றவங்களுக்கு வழி காட்டற மாதிரி.

ஒரு தடவை என்ன ஆச்சுன்னு கேளுங்க. எனக்கும் அவருக்கும் ஏதோ வாக்குவாதம். ஏதோ என்ன, இந்த ஒத்திகையப் பத்தித்தான். மறுநாள் மணி அடிச்சுது. நான் போகல. மாடியில போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். என்னை விட்டுட்டு எண்ணி முடிச்சுட்டு அவங்க பாட்டுக்கு உள்ள வரட்டுமேன்னுதான். வெளிய தூறல் போட ஆரம்பிச்சுது. ஒரு சத்தத்தையும் காணோம். மாப்பிள்ளை கத்துவாரு, தங்கச்சி திட்டுவான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஜன்னலைத் திறந்து எட்டிப் பாக்கறேன், அத்தனை பேரும் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. அவரு கூப்பிடவே இல்ல சார். பேசாம மேல பாத்துக்கிட்டு நிக்கறாரு. எனக்கு வந்த கோபத்துக்கு... எறங்கிப் போனேன். போய்த் தொட்டிகிட்ட நின்னேன். ஏன் மச்சான் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். கேக்கலையே. சட்டை ஒட்டிக்கிட்டு தண்ணி சொட்டுது, மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, 'சரி, எல்லாரும் இருக்கோம், உள்ள போங்க'ன்னாரு. எனக்கு அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.

கல்லுளிமங்கன் சார். திட்டினாலும் கோபம் வராது. ஆஸ்பத்திரியில கடைசியாப் படுத்திருந்தப்பகூட நர்ஸைக் கூப்பிட்டு, 'இந்த மாடிக்கு இன்னொரு படி இருக்கணுமேம்மா, எங்க இருக்கு?'ன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணுக்கே தெரியல. தேடிப் போனா கதவு பூட்டிக் கெடக்கு, பின்னாடி ஒடைஞ்ச கட்டில் எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. எடுத்துத் திறந்துட்டோம்னு வந்து சொன்ன பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினாரு. விடியும்போது அவரு இல்ல. ஊர்ல இருக்கறவன் எல்லாம் எந்த வழியா வெளிய போகணும்னு சொல்லிக் குடுத்தவரு... அவரு மட்டும் மணி அடிக்காமக் கிளம்பிட்டாரு.

எனக்குக் கஷ்டமா இருக்கு சார். ஆமா. சொல்ல மாட்டேன்னு நெனச்சேன், வந்துடுச்சு.

என்ன சொன்னீங்க? உங்க மண்டபமா? வருஷா வருஷம் வந்து பாப்பாரா? ரிட்டயர் ஆன பிறகுமா? எதுக்கு? பின்வாசலைத் திறந்து மூடிப் பாத்துட்டு, ஒரு டீ குடிச்சுட்டுப் போவாரா... எங்ககிட்ட நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவாரு அந்த மனுஷன். அப்புறம் அங்க எப்பவாவது தீ கீ... இல்லையா? ஒரு நாளும் இல்லையா? ஒண்ணுமே நடக்காததுக்கா இவ்வளவு பெரிய பூச்செண்டு?

எரியாத கட்டடம் எழுந்து வராதுன்னேன். வந்திருச்சு போல.

சரி, நீங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். இந்த அலாரம் ஏன் அடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. என் தங்கச்சி என்ன சொல்றா தெரியுமா? மணி அடிச்சதும் பையன் சாமான் ரூம் பக்கமிருந்து வருது, போய்ப் பாக்கறேன்னு கிளம்பினான். இவ அவன் கையைப் பிடிச்சு இழுத்து, 'அங்க போகாத, அடிச்சது உங்க அப்பாடா, கடைசியா ஒரு தடவை கூப்பிடறாரு, வாங்க எல்லாரும்'னு வெளிய கூட்டிட்டு வந்துட்டா. எல்லாரும் அதை நம்பிக்கிட்டு நிக்கறாங்க. மருமக கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருக்கு.

நெருப்பில்லாமப் புகையாதுன்னு சும்மாவா சொன்னாங்க. சாமான் ரூம்ல இருந்தது நான் சார்.

ஆமா, சிகரெட்டுதான். விட்டுட்டேன்னு தங்கச்சி தலையில அடிச்சு சத்தியம் பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு. விடல. தினமும் ஒண்ணே ஒண்ணு, வாசல்ல செவப்பு மண்வாளி இருக்கே, அதுகிட்ட நின்னு. குடிச்சு முடிச்சு மண்ணுல சொருகிடுவேன். மாப்பிள்ளை மாசா மாசம் அந்த மண்ணைக் கிளறிக் காய வைப்பாரு. அவருக்குத் தெரியாம இருக்குமா? ஒரு நாள் துண்டைச் சொருகறேன், என்னமோ டங்குனு இடிக்குது. தோண்டிப் பாத்தா, ஒரு தகர டப்பாவைப் புதைச்சு வச்சிருக்காரு, நடுவுல பள்ளம் பண்ணி. எனக்காக. ஒரு வார்த்தை பேசல, தங்கச்சிகிட்டயும் சொல்லல. அன்னையிலேர்ந்து டப்பாவுலதான் போடறேன். அவரு எடுத்துக் கொட்டிட்டுத் திரும்பப் புதைச்சு வைப்பாரு. இன்னைக்குப் பாத்து அந்த வாளி மேல பலகையைப் போட்டு காபி கோப்பை எல்லாம் அடுக்கிட்டானுங்க. உள்ள அந்த ஆளு அன்னாரு அன்னாருன்னு உயிரை வாங்கறாரு. நான் எழுந்துட்டேன். சாமான் ரூமுக்குப் போய், கதவிடுக்கு வழியாக் கூட்டத்தைப் பாத்துக்கிட்டே பத்த வச்சேன். மாப்பிள்ளை படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காரு, 'எங்க வேணா இருங்க மச்சான், அந்த ரூம் மட்டும் வேணாம், பழைய பேப்பரா இருக்கு'ன்னு. தன் வினை தன்னைச் சுடும்பாங்க. இங்க ஊரையே வெயில்ல நிக்க வச்சிருக்கு.

இப்ப நான் போய் அந்த வார்த்தையைச் சொல்லணுமா? இந்த வாயாலயா? உண்மையச் சொன்னா, கடைசியா அவரு கூப்பிட்டாருன்னு நம்பிக்கிட்டு நிக்கறவகிட்டேர்ந்து அதையும் பிடுங்கின பாவம். சொல்லாம இருந்தா...

சார்? எங்க கிளம்பிட்டீங்க? அந்தப் பக்கம் இல்ல, வாசல் இப்படி... சார், அங்க ஏன் போறீங்க? நான் சொன்னதை அவகிட்ட சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சார், நில்லுங்க. இருங்க, நானும் வரேன்... மூச்சு வாங்குது... இந்த வயசுல என்னை ஓட வைக்கறீங்களே...

என்ன சார் இது, வரிசையில போய் நின்னுட்டீங்க? செருப்பை எதுக்குக் கழட்டறீங்க?

ஒண்ணும் இல்ல தங்கச்சி. இவரு மண்டபத்துக்காரரு. மாப்பிள்ளையப் பாக்க வந்தாரு. நான் சும்மா அவருக்குத் துணையா... எங்க நிக்கணும்? இங்கயா? சரி, நின்னாச்சு. என்னம்மா அப்படி விரல் விட்டு...

யாரு, நீயா எண்ணறே?

இன்னொரு தடவை சொல்லு, சரியாக் காதுல விழல... 'இருக்கறவங்க எல்லாரும் இருக்கோம், உள்ள போங்க'... நல்லாத்தான்மா சொல்றே. உனக்கு வருதே. வர்ற வார்த்தையை வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் ஏன்மா பேசாம நின்னே? பிள்ளைங்களும் வெயில்ல...

ஓ.

நான் வரிசைக்கு வராம கேட்டுகிட்ட நின்னதாலயா.

ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனேம்மா. சரி... அவரும்தான் குடுக்க மாட்டாரு. சரி, நீ போ. பேத்தியக் கூட்டிட்டுப் போ. மருமகனே, படத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் படி ஏறு. சார், நீங்களும் போங்க.

என்னம்மா, திரும்பிப் பாக்கறே? நானா? வரேன், வரேன், பின்னாடியே வரேன்.

என்னது... வாய் கொப்பளிச்சுட்டு வரணுமா?